எலுமிச்சை வியாபாரிக்கு மஞ்சள் வலைத்தளம் சரிப்படுமா?

வாசுதேவநல்லூரில் எலுமிச்சை வியாபாரம் செய்கிறீர்கள், பக்கத்துப் புளியங்குடி சந்தையிலும் உங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு என்று வைத்துக்கொள்வோம். வெளியூர் வியாபாரிகள் பார்த்துவிட்டு அழைக்கட்டும் என்று ஒரு வலைத்தளம் போட நினைக்கிறீர்கள். செய்துதர வந்த தம்பி முதலில் கேட்பது, "அண்ணாச்சி, என்ன கலர் வைக்கலாம்?" "எலுமிச்சைதானே, மஞ்சளே போடு" என்று சொல்ல வாய் வரும். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நிறத்தில் அவ்வளவு விஷயம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் விற்பவர்கள் சொல்கிற அளவுக்கு இல்லை. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வலைப்பக்கங்களை ஒரு விநாடியில் 20-ல் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். பக்கம் அழகாக இருக்கிறதா இல்லையா என்று பார்த்தவர்களால் அதற்குள் சொல்ல முடிந்தது. அந்த நேரத்தில் எதையும் படித்திருக்க முடியாது. கண்ணில் பட்டது நிறமும் அமைப்பும்தான். ஆனால் பிடித்துப்போவதும், போனை எடுத்து உங்களை அழைப்பதும் வேறு வேறு காரியங்கள்.

சிவப்பு அவசரப்படுத்தும், நீலம் நம்பிக்கை தரும் என்கிறார்களே?

எந்த இடத்தில், யாருக்கு என்று திருப்பிக் கேளுங்கள். ஆவின் பாலையே பாருங்கள். பல வருஷமாக 3 சதவீதக் கொழுப்புள்ள பால் நீலப் பாக்கெட்டில் வந்தது, 4.5 சதவீதம் பச்சையில், 6 சதவீதம் ஆரஞ்சில். காப்பிக்குக் கெட்டிப்பால் வேண்டுமென்றால் "ஒரு ஆரஞ்சு" என்று கேட்டால் போதும். ஆரஞ்சு நிறத்துக்கும் கொழுப்புக்கும் இயற்கையில் ஒரு சம்பந்தமும் கிடையாது. வாங்கி வாங்கிப் பழகியதில் வந்த அர்த்தம் அது.

சிவப்புப் பட்டனைப் புகழ்கிறவர்கள் 2011-ல் ஹப்ஸ்பாட் நிறுவனம் வெளியிட்ட ஒரு சோதனையைச் சொல்வார்கள். பச்சைப் பட்டனைவிட சிவப்புப் பட்டனை 21 சதவீதம் கூடுதலாக அழுத்தினார்கள் என்பது அதன் முடிவு. அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே பச்சை நிறைய இருந்தது என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். அங்கே சிவப்பு தனித்துத் தெரிந்தது. ஜெயித்ததற்கு அது போதுமான காரணம் என்பது என் எண்ணம். ஆகவே "அழைக்க" என்ற பட்டனுக்கு, பக்கத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு நிறத்தைக் கொடுங்கள். அது சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

நம் ஊர்ப் பழக்கம் எதையாவது கவனிக்க வேண்டுமா?

வேண்டும். கல்யாணப் பத்திரிகை மூலையில் மஞ்சள் தடவுகிறோம். கறுப்புக் கட்டம் போட்ட விளம்பரம் என்றால் இரங்கல் செய்தி. கூடவே ஒன்று: நிறங்கள் தனித்தனியாக இருக்கும்வரை சும்மா இருக்கும், இரண்டு மூன்று சேர்ந்தால் கட்சிக்கொடி ஆகிவிடும். தேர்தல் நேரத்தில் "அண்ணாச்சி அந்தப் பக்கமா?" என்று கேட்பார்கள். உங்களுக்குச் சம்மதம் என்றால் சரி!

சரி, மஞ்சள் போடலாமா, கூடாதா?

தாராளமாகப் போடலாம், எழுத்துக்கு மட்டும் வேண்டாம். இங்கேதான் காசு வீணாகிறது, கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். நிற வேறுபாட்டு விகிதம் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தின் அளவு) என்று ஒன்று உண்டு. உலகமெங்கும் பின்பற்றப்படும் வலை அணுகல் விதிகளின்படி சாதாரண அளவு எழுத்துக்கு அது குறைந்தது 4.5 இருக்க வேண்டும். வெள்ளையில் கறுப்பு எழுத்துக்கு 21; அதற்கு மேல் போகவே போகாது. வெள்ளையில் பளிச்சென்ற மஞ்சள் எழுத்துக்கு 1.1 கூட வராது, அதாவது எழுதாததற்குச் சமம். அதே மஞ்சளைப் பின்னணியாக வைத்து மேலே கறுப்பில் எழுதினால் 19-ஐத் தாண்டும். வாடகை வண்டி நம்பர் பலகை தூரத்திலிருந்தே தெரிவது இந்தச் சேர்க்கையால்தான். பளீர் சிவப்பில் வெள்ளை எழுத்து ஏறக்குறைய 4-தான் வரும். சிவப்பைக் கொஞ்சம் அடர்த்தியாக்கினால் தேறிவிடும்.

இப்போது நாகரிகம் என்று வெளிர்சாம்பல் எழுத்தை வைக்கிறார்கள். ஏசி அறையில் பெரிய திரையில் பார்த்தால் அழகுதான். உங்கள் வாடிக்கையாளர் பார்க்கப்போவது நடுப்பகலில், லாரிப் பக்கம் நின்று, சார்ஜ் போய்விடுமே என்று வெளிச்சத்தைக் குறைத்து வைத்த போனில். கண்புரை தொடங்கிய வயதுக்காரராகவும் இருக்கலாம். ணை, றை போன்ற சுழி நிறைந்த எழுத்துகள் வெளிறிய நிறத்தில் ஒன்றோடொன்று குழம்பிப் போகும். இந்த யோசனையை மட்டும் தம்பி எவ்வளவு சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லார் கண்ணுக்கும் நிறம் ஒரே மாதிரி தெரியுமா?

தெரியாது. நிறக்குருடு (சில நிறங்களைப் பிரித்தறிய முடியாத பிறவிக் குறை) ஆண்களிடம் அதிகம். பெரும்பாலும் சிவப்பும் பச்சையும் குழம்பும். உணவுப் பொட்டலத்தில் சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் இருந்ததல்லவா? 2020-ன் முத்திரை விதிகளில் அசைவ அடையாளத்தை முக்கோணமாக்கினார்கள். நிறம் பிரியாதவருக்கும் வடிவம் பிரியுமே. நீங்களும் சரக்கு இருந்தால் பச்சைப் புள்ளி, தீர்ந்தால் சிவப்புப் புள்ளி என்று விட்டுவிடாமல், பக்கத்தில் "சரக்கு உண்டு", "தீர்ந்தது" என்று எழுதிவிடுங்கள்.

இதையெல்லாம் நானே எப்படிச் சரிபார்ப்பது?

பணம் கொடுக்கும் முன் பக்கத்தை உங்கள் போனில் திறந்து வெயிலில் நின்று விலையையும் போன் நம்பரையும் படித்துப் பாருங்கள். பிறகு போன் அமைப்புகளில் நிறத்தை நீக்கி கறுப்பு வெள்ளையாக்கும் வசதியைப் போடுங்கள். அப்போதும் பட்டன் எங்கே என்று தெரிந்தால் பக்கம் தேறிவிட்டது. வீட்டில் கண்ணாடி போடுகிறவர் இருந்தால் அவரிடமும் ஒருமுறை காட்டுங்கள்.

ஏற்கெனவே செய்து முடித்தாயிற்றே, மாற்றச் செலவாகுமா?

பெரிதாக ஆகக்கூடாது. ஒழுங்காகச் செய்த வலைத்தளத்தில் நிறங்களெல்லாம் நடைத்தாள் (பக்கத்தின் தோற்றத்தை மட்டும் சொல்லும் கோப்பு) ஒன்றில் இருக்கும். அங்கே நாலைந்து எண்களை மாற்றினால் தளம் முழுக்க மாறிவிடும். முழுத் தளத்தையும் புதிதாகச் செய்யும் தொகையை இதற்கும் கேட்டால், வேறொருவரிடம் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.