கோல் போடாமலே வெற்றி தேடித் தந்தவர்கள்

சனிக்கிழமை இரவு பிரிமியர் லீக் ஆட்டம் முடிந்ததும் மாமாக் கடையில் என்ன பேச்சு நடக்கும்? யார் கோல் போட்டார், எந்தக் காலால் போட்டார், கோல் காவலர் ஏன் கோட்டை விட்டார் என்று ஒரு தே தாரிக்கை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாதாடுவோம். அந்தக் கோல் விழுவதற்கு முன்பு எதிரணியின் காலிலிருந்து பந்தைப் பறித்துக் கொடுத்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். மேசையில் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. எனக்கும் பல ஆண்டுகள் தெரியாமல்தான் இருந்தது.

அந்தப் பதிலில் வர வேண்டிய ஆட்டக்காரர்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். இவர்களின் படம் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வருவது அரிது. இவர்களின் பெயர் போட்ட சட்டையைக் கடையில் தேடி வாங்குபவர்களும் குறைவு. ஆனால் இவர்கள் போன பிறகு குழு தடுமாறுகிறது. இது வெறும் விளையாட்டுச் செய்தி இல்லை. யாருடைய உழைப்பை நாம் மதிக்கிறோம், யாருடைய உழைப்பைக் கண்டுகொள்ளாமல் விடுகிறோம் என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

மக்கலெலே செய்த வேலை என்ன?

முதலில் குளோட் மக்கலெலே. 1973ஆம் ஆண்டு இன்றைய கொங்கோவின் கின்ஷாசா நகரில் பிறந்து, சிறு வயதிலேயே பிரான்சுக்கு வந்தவர். நாந்த் குழுவில் இளம் ஆட்டக்காரராக இருந்தபோது வலது பக்கம் ஓடித் தாக்குதல் நடத்தியவர் அவர். 1995இல் அந்தக் குழு பிரெஞ்சு லீக்கை வென்றபோது அவரும் அதில் இருந்தார். ஆகவே அவருக்கு முன்னேறி ஆடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்தும், பின்னர் அந்த வேலையை விட்டுக்கொடுத்தார்.

2000ஆம் ஆண்டு அவர் ஸ்பெயினின் ரியால் மட்ரிட் குழுவில் சேர்ந்தார். அங்கே ஸிடான், ஃபிகோ, ராவுல், ரோபர்ட்டோ கார்லோஸ், பிறகு ரொனால்டோ என்று திரும்பிய பக்கமெல்லாம் நட்சத்திரங்கள். இவர்கள் அனைவருக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. பந்து கிடைத்தால் முன்னால் ஓடுவார்கள். இடது பக்கத் தற்காப்பு ஆட்டக்காரரான கார்லோஸ்கூட எதிரணியின் கோல் கம்பம்வரை போய்விடுவார். எல்லாரும் முன்னால் போய்விட்டால் பின்னால் யார் இருப்பது?

அதுதான் மக்கலெலேயின் வேலை. தற்காப்பு வரிசைக்கு முன்னால், மத்தியத் திடலுக்குப் பின்னால் அவர் நின்றுகொள்வார். கார்லோஸ் ஓடினால் அவர் விட்டுப்போன இடத்தை நோக்கி நகர்வார். ஸிடான் பந்தை இழந்தால், எதிரணி தலைநிமிர்ந்து பார்ப்பதற்குள் அங்கே போய் நிற்பார். பந்தைப் பறித்ததும் தானே ஓட மாட்டார். மூன்று நான்கு மீட்டர் தள்ளி நிற்கும் நட்சத்திரத்திடம் தட்டிவிட்டுத் திரும்பவும் தன் இடத்துக்கு வந்துவிடுவார். அவர் இருந்த மூன்று பருவங்களில் ரியால் மட்ரிட் 2001, 2003 ஆகிய ஆண்டுகளில் ஸ்பானிய லீக்கையும் 2002இல் சாம்பியன்ஸ் லீக்கையும் வென்றது.

2003: தவறிய கணக்கு

2003ஆம் ஆண்டு கோடையில் ரியால் மட்ரிட் டேவிட் பெக்கமை வாங்கியது. உலகம் முழுவதும் அதே பேச்சு. சட்டை விற்பனை சூடு பிடித்தது. அதே கோடையில் மக்கலெலே தன் சம்பளத்தை உயர்த்தும்படி கேட்டார். மற்ற நட்சத்திரங்கள் வாங்கியதோடு ஒப்பிட்டால் அவர் வாங்கியது மிகவும் குறைவு. கிளப் மறுத்துவிட்டது. ஏறக்குறைய 17 மில்லியன் பவுண்டுக்கு அவர் இங்கிலாந்தின் செல்சிக்குப் போனார். அவரால் பந்தைத் தலையால் சரியாக முட்ட முடியாது, பந்தை மூன்று மீட்டருக்கு மேல் அனுப்புவதும் அபூர்வம், ஆகவே அவர் இல்லாத குறை தெரியாது என்று கிளப் தலைவர் ஃபுளோரென்டினோ பெரேஸ் சொன்னதாக அப்போது செய்திகள் வந்தன.

அடுத்து என்ன நடந்தது? 2002-03 பருவத்தின் 38 லீக் ஆட்டங்களில் ரியால் மட்ரிட் 42 கோல்களை விட்டது. அவர் போன பிறகு, 2003-04 பருவத்தின் 38 ஆட்டங்களில் 54 கோல்களை விட்டது. அரசர் கிண்ண இறுதி ஆட்டத்தில் ஸரகோஸாவிடம் 3-2 என்று தோற்றது. சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் மொனாக்கோவிடம் வீழ்ந்தது. லீக்கில் வெகு நாள் முன்னணியில் இருந்த குழு, கடைசி ஐந்து ஆட்டங்களிலும் வரிசையாகத் தோற்று நான்காம் இடத்துக்கு இறங்கியது. அடுத்த லீக் பட்டம் கிடைக்க 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே நான் நியாயமாகவும் பேச வேண்டும். இதற்கெல்லாம் மக்கலெலே போனது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பயிற்றுநர் டெல் போஸ்கேவையும் அதே கோடையில் கிளப் அனுப்பிவிட்டது. நெடுநாள் தற்காப்பைத் தாங்கிய ஃபெர்னாண்டோ இயெரோவும் அப்போதே விலகினார். ஆனால் இந்த மூன்று பேரிடமும் ஓர் ஒற்றுமை இருப்பதைக் கவனியுங்கள். மூவருமே கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தவர்கள். கிளப் கூரைக்குத் தங்க முலாம் பூசிக்கொண்டிருந்தது.

லண்டனில் கிடைத்த மரியாதை

செல்சியில் அவர் கதை மாறியது. 2004இல் பயிற்றுநராக வந்த ஜோசே மொரின்யோ, மத்தியத் திடலில் மூன்று பேரை நிறுத்தினார். அப்போது இங்கிலாந்தில் பெரும்பாலான குழுக்கள் மத்தியத் திடலின் நடுவில் இரண்டு பேரைத்தான் வைத்திருந்தன. அந்த இருவரும் லம்பார்டையும் அவருடைய துணை ஆட்டக்காரரையும் கவனித்தால், பின்னால் நிற்கும் மக்கலெலேயைக் கவனிக்க ஆள் இல்லை. அவரைத் தடுக்க ஒருவர் வந்தால் மற்றவருக்கு வழி திறந்துவிடும். கணக்கு எளிமையானது. மூன்றுக்கு இரண்டு எப்போதும் குறைவுதான்.

2004-05 பருவத்தில் செல்சி 95 புள்ளிகளுடன் பிரிமியர் லீக்கை வென்றது. 38 ஆட்டங்களில் விட்ட கோல்கள் வெறும் 15. அடுத்த ஆண்டும் பட்டம் அவர்களுக்கே.

அந்த 2005ஆம் ஆண்டு மே மாதம், பட்டம் உறுதியான பின் சொந்தத் திடலில் சார்ல்டனுடன் ஓர் ஆட்டம். கடைசி நிமிடங்களில் செல்சிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அதுவரை செல்சிக்காக ஒரு கோலும் போடாத மக்கலெலேதான் அதை உதைத்தார். கோல் காவலர் தடுத்துவிட்டார். திரும்பி வந்த பந்தை மக்கலெலே தடுமாறியபடியே வலைக்குள் தள்ளினார். குழுவினர் உலகக் கிண்ணத்தையே வென்றதுபோல அவர்மீது பாய்ந்து கொண்டாடினார்கள். மாமாக் கடையில் இருக்கும் நமக்குத் தெரியாதது பக்கத்தில் நின்று ஆடியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2005இல் ஸிடான், துராம் ஆகியோருடன் மக்கலெலேயும் ஓய்விலிருந்து பிரெஞ்சுக் குழுவுக்குத் திரும்பினார். 2006 உலகக் கிண்ணத்தில் அந்தக் குழு இறுதி ஆட்டம் வரை போய், இத்தாலியிடம் பெனால்டியில்தான் தோற்றது. இன்று தற்காப்பு வரிசைக்கு முன்னால் நிற்கும் அந்த வேலைக்கே இங்கிலாந்தில் அவர் பெயரைச் சொல்லும் வழக்கம் இருக்கிறது.

தவறே செய்யாத இர்வின்

இன்னொரு வகை ஆட்டக்காரரும் உண்டு. அவர் செய்யும் வேலை எல்லாருக்கும் தெரியும். ஆனால் தவறு செய்யாததால் யாரும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. அயர்லாந்தின் கோர்க் நகரைச் சேர்ந்த டெனிஸ் இர்வின் அப்படிப்பட்டவர்.

1990இல் 625,000 பவுண்டுக்கு ஓல்டம் குழுவிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார். பன்னிரண்டு ஆண்டுகளில் 529 ஆட்டங்கள் ஆடினார். ஏழு பிரிமியர் லீக் பட்டங்கள். 1999இல் பாயர்ன் மூனிக்கை வென்ற சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்திலும் இடது பக்கத் தற்காப்பில் அவர்தான் ஆடினார். இத்தனைக்கும் அவர் வலது கால் பழக்கம் உள்ளவர். குழுவுக்கு இடது பக்கம் ஆள் தேவைப்பட்டது, மாறிக்கொண்டார். கந்தோனா, கிக்ஸ், பெக்கம் என்று நம் பிள்ளைகள் சுவரில் படம் ஒட்டிய காலம் அது. இர்வின் படத்தை ஒட்டிய வீட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் தம் காலத்து ஆட்டக்காரர்களிலிருந்து மிகச் சிறந்த பதினொருவரைத் தேர்ந்தெடுத்தால் நிச்சயமாக இடம் பெறுபவர் இர்வின்தான் என்று பயிற்றுநர் அலெக்ஸ் ஃபெர்குசனே சொல்லியிருக்கிறார்.

நம் ஆசியாவின் பார்க் ஜி சுங்

மூன்றாமவர் நம் ஆசியாவைச் சேர்ந்தவர். தென்கொரியாவின் பார்க் ஜி சுங், 2005இல் மான்செஸ்டர் யுனைடெட்டில் சேர்ந்தார். ஆசியச் சந்தையில் சட்டை விற்கத்தான் அவரை வாங்கினார்கள் என்று நம் ஊரிலேயே பலர் கேலி பேசினார்கள்.

2008ஆம் ஆண்டு சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் ரோமாவுக்கு எதிராக இரண்டு ஆட்டங்கள், அரையிறுதியில் பார்சிலோனாவுக்கு எதிராக இரண்டு ஆட்டங்கள். நான்கிலும் முழு நேரம் ஓடினார். மொஸ்கோவில் இறுதி ஆட்டம் வந்தபோது மாற்று ஆட்டக்காரர் பட்டியலில்கூட அவர் பெயர் இல்லை. கோட் அணிந்து அரங்கில் உட்கார்ந்து குழு கிண்ணம் வென்றதைப் பார்த்தார். அந்த முடிவு தம் மனத்தை உறுத்தியதாகப் பின்னாளில் ஃபெர்குசன் ஒப்புக்கொண்டார்.

பார்க் முகம் சுளித்துக்கொண்டு விலகவில்லை. அடுத்த ஆண்டு ரோமில் நடந்த இறுதி ஆட்டத்தில் தொடக்கத்திலேயே களம் இறங்கினார். அந்த இறுதி ஆட்டத்தில் ஆடிய முதல் ஆசியர் அவர்தான். 2010 மார்ச் மாதம் ஏசி மிலானுக்கு எதிரான ஆட்டத்தில் அவருக்கு ஒரே ஒரு வேலை கொடுக்கப்பட்டது. மிலானின் மூளையாக இருந்த பிர்லோவை விட்டு விலகக் கூடாது. நிழல்போலத் தொடர்ந்தார். பிர்லோவுக்குத் தலைநிமிரவே நேரமில்லை. யுனைடெட் 4-0 என்று வென்றது, அதில் ஒரு கோலைப் பார்க்கே போட்டார்.

நாம் ஏன் பார்ப்பதில்லை?

காரணம் எளிது. தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னால் ஓடுகிறது. நாம் கேமராவின் பின்னால் ஓடுகிறோம். விழுந்த கோல் பலகையில் ஏறுகிறது. விழாமல் தடுக்கப்பட்ட கோலுக்குப் பலகையில் இடமில்லை. சரியான இடத்தில் முன்கூட்டியே நின்றுவிட்டவருக்குத் தரையில் சறுக்கிப் பந்தைப் பறிக்கும் தேவைகூட வருவதில்லை. ஆகவே கைதட்டலும் இல்லை.

அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது பத்தே நிமிடங்களுக்குப் பந்தை விட்டுவிடுங்கள். ஓர் ஆட்டக்காரரை மட்டும் கவனியுங்கள். தன் குழு பந்தை இழந்த மறு நொடி அவர் எந்தப் பக்கம் ஓடுகிறார்? நண்பர் முன்னேறினால் அவர் இடத்தை நிரப்புகிறாரா? பந்து வருவதற்கு முன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறாரா? இந்த மூன்றையும் பார்த்தால் உங்களுக்கு வேறோர் ஆட்டம் தெரியும்.

என் சொந்தக் கதை

கடைசியாக ஒன்று. இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் வெட்கம்தான். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தாமானில் ஓர் இளைஞர் காற்பந்துக் குழு இருந்தது. நான்தான் அதைக் கவனித்துக்கொண்டேன். பின்னால் நின்று ஆடுவான் ஒரு பையன். தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து நேராகத் திடலுக்கு வருவான். ஒரு போட்டிக்கு முன், பந்தை அழகாக உருட்டத் தெரிந்த இன்னொருவன் கிடைத்தான். இவனை உட்கார வைத்துவிட்டேன். "நீ பந்தை வெளியே தள்ளுறதைத் தவிர வேற என்னடா செய்ற?" என்று எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்லியும் விட்டேன்.

முதல் சுற்றிலேயே தோற்றோம். அது போகட்டும். அவன் அதற்குப் பிறகு திடலுக்கே வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். "வேலை அதிகம்ணே" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். எனக்குப் புரிந்துவிட்டது. மக்கலெலேயின் கதையைப் பின்னாளில் படித்தபோது எனக்கு அந்தப் பையன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஆகவே பெற்றோருக்கும் வட்டாரக் குழுக்களை நடத்தும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். போட்டி முடிந்து அதிகக் கோல் போட்டவருக்குக் கிண்ணம் கொடுக்கிறோம், கொடுக்கட்டும். அதே மேடையில் பின்னால் நின்று காத்த பிள்ளையையும் பெயர் சொல்லி அழையுங்கள். அவன் என்ன செய்தான் என்பதை எல்லாரும் கேட்கும்படி விளக்கிச் சொல்லுங்கள். திடலிலிருந்து வீட்டுக்கு வரும் மகனிடம் "எத்தனை கோல் போட்டாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இன்று யாருக்கு உதவினாய்?" என்றும் கேளுங்கள்.