எந்தக் கணினிக்கு இந்த ஆணை?

2014 மே மாதம், அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தில் விண்டோஸ் 7 நிறுவும் ஆணை ஒன்று தவறுதலாகக் கிளம்பிவிட்டது. மேசைக் கணினி, லேப்டாப், சர்வர் என்ற பேதமின்றி விண்டோஸில் இயங்கிய எல்லாவற்றுக்கும் அது போனது. அந்த ஆணையின் முதல் வேலையே ஹார்ட் டிஸ்கைப் புதிதாகப் பிரித்து ஃபார்மேட் செய்வதுதான். தவறு தெரிந்த உடனே, ஆணை அனுப்பிய சர்வரை அணைத்தார்கள். ஆனால் அதற்குள் அந்த சர்வரே ஃபார்மேட் ஆகியிருந்தது. பஸ்மாசுரன் தன் தலையிலேயே கை வைத்த கதைதான்.

பெரிய நிறுவனங்களில் ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து விண்டோஸ் ஏற்ற முடியாது. மைக்ரோசாஃப்டின் எஸ்சிசிஎம் போன்ற மென்பொருள் அந்த வேலையை ஓரிடத்திலிருந்து செய்கிறது. அதில் இரண்டு பட்டியல்கள் உண்டு. டிஸ்கை அழி, விண்டோஸை ஏற்று, டிரைவர்களைச் சேர் என்று வரிசையாக என்ன செய்வது எனச் சொல்வது ஒன்று. யாருக்குச் செய்வது எனச் சொல்லும் கணினிகளின் தொகுப்பு மற்றொன்று. முதல் பட்டியலைப் பலமுறை சோதித்துப் பார்ப்பார்கள். விபத்து பெரும்பாலும் இரண்டாவதில் ஒளிந்திருக்கிறது.

காரணம், பல தொகுப்புகள் நிபந்தனையால் உருவாகுபவை. ‘பெயர் இப்படித் தொடங்கும் கணினிகள்’ என்று எழுதிவிட்டால், பொருந்துபவை தாமாகவே வந்து சேரும். நிபந்தனையில் ஒரு சொல் விடுபட்டால் சர்வர்களும் உள்ளே வந்துவிடும். நேற்று 20 கணினிகள் இருந்த தொகுப்பில் இன்று 2,000 இருக்கலாம்.

அடையாளக் குழப்பமும் உண்டு. நெட்வொர்க் வழியே பூட் ஆகும் கணினியை சர்வர் பெரும்பாலும் அதன் மேக் முகவரியால் அறிகிறது. 48 பிட் நீளமுள்ள இந்த எண் நெட்வொர்க் கார்டுக்கு உரியது, கணினிக்கு அல்ல. கேபிள் செருகும் வாய் இல்லாத மெல்லிய லேப்டாப்களுக்கு ஒரே யூஎஸ்பி அடாப்டரை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால், புதிய லேப்டாப்பைப் பழையது என்றே சர்வர் நினைத்துக்கொள்ளும். அதனால்தான் அத்தகைய அடாப்டர்களின் முகவரியை அடையாளமாகக் கொள்ளாமல், மதர்போர்டில் பதிந்துள்ள 128 பிட் தனி எண்ணை நம்பும்படி அமைக்கிறார்கள்.

தடுக்கும் வழிகள் எளியவை. நிறுவும் ஆணையைக் ‘கட்டாயம்’ என்று அனுப்பினால் குறித்த நேரத்தில் தானே ஓடும். ‘விருப்பம்’ என்று அனுப்பினால் கணினி முன் ஒருவர் சம்மதிக்கும்வரை காத்திருக்கும். அவசியமின்றி முதலாவதைத் தொடக்கூடாது. எஸ்சிசிஎம்மின் பிந்தைய பதிப்புகள் இத்தகைய ஆணைகளை ‘அதிக ஆபத்து’ வகையில் வைக்கின்றன. எல்லாக் கணினிகளும் அடங்கிய தொகுப்பைத் தேர்வுப் பட்டியலிலிருந்து மறைக்கின்றன. 100 கணினிகளுக்கு மேல் உள்ள தொகுப்புகளும் முதலில் கண்ணில் படாது. சர்வர்களைத் தனியே பிரிப்பது, ஆய்வகக் கணினிகளைப் பார்ப்பவருக்கு அவற்றின் மீது மட்டும் அதிகாரம் தருவது, நெட்வொர்க் வழியே பூட் ஆவதற்குக் கடவுச்சொல் வைப்பது, முதலில் நான்கைந்து கணினிகளில் ஓடவிட்டுப் பார்ப்பது எல்லாம் கூடுதல் காவல்.

பட்டனை அழுத்திய ஊழியரைக் கண்டிப்பதால் அழிந்த தரவு திரும்பாது. களைத்த கையும் அவசரமும் எந்த அலுவலகத்திலும் இருக்கும். ஒரு கை தவறினால் இன்னொரு பூட்டு தடுக்க வேண்டும். ஆணையிடும் சர்வரும், காப்பு நகல்களை வைத்திருக்கும் கணினியும் அந்த ஆணை எட்டாத இடத்தில் இருப்பது இதில் முதல் பூட்டு. அடுத்தது, அனுப்புமுன் தொகுப்பின் எண்ணிக்கையை வாய்விட்டுப் படிப்பது. ஆய்வகத்தில் இருப்பது 30 கணினிகள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் 3,000 என்று தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும்.