அலுமினிய ப்ரொஃபைல் சட்டம் வாங்குவதற்கு முன்னால்

கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் கல்லூரி நண்பருக்காக ஒரு சோதனை மேடை செய்து கொடுத்தேன். கடைந்து வரும் ஷாஃப்டை கேமராவுக்கு அடியில் வைத்தால், அளவு சரியா இல்லையா என்று என் நிரல் சொல்லிவிடும். வீட்டில் ஒழுங்காக ஓடியது. பட்டறைக்குப் போனதும் பத்துக்கு நாலு படம் மங்கல். நல்ல ஷாஃப்டை எல்லாம் ரிஜெக்ட் என்று தள்ளியது. ஆர்டரை முடித்து அனுப்ப நண்பருக்கு இன்னும் எட்டு நாள்தான் பாக்கி.

நான் சாஃப்ட்வேர் ஆள். அதனால் மூணு நாளும் கோடில்தான் தப்பைத் தேடினேன். எக்ஸ்போஷர், ஃபோகஸ், வெளிச்சம் எல்லாம் மாற்றிப் பார்த்தாச்சு. நாலாவது நாள் அங்கே வேலை பார்க்கும் ஒரு அண்ணன்தான், "பக்கத்து லேத் ஓடுறப்ப மட்டும்தான் சார் இது கெட்டுப்போகுது" என்றார். அந்த லேத் அப்போது நிமிடத்துக்கு 850 சுற்றில் ஓடிக்கொண்டிருந்தது. கேமராவைத் தாங்கும் அலுமினியக் கையை விரலால் சுண்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டே இருந்தது. கோடில் ஒரு தப்பும் இல்லை. நான் வாங்கிய சட்டம்தான் தப்பு.

அதற்கப்புறம் படித்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். வேற யாராவது இந்த மூணு நாளை மிச்சப்படுத்தலாம்.

இது என்ன சமாச்சாரம்?

பெரும்பாலும் 6063 என்ற அலுமினியக் கலவையைச் சூடாக்கி, அச்சு வழியாகப் பிதுக்கி எடுத்த நீளமான கம்பி. நாலு பக்கமும் 'டி' எழுத்து வடிவத்தில் ஒரு ஸ்லாட் ஓடும். அதற்குள் நட்டை நுழைத்து, வெளியிலிருந்து போல்ட் போட்டு முறுக்கினால் மூட்டு தயார். வெல்டிங் வேண்டாம், பெயின்ட் வேண்டாம். ஜெர்மனியின் ஐட்டம், போஷ் ரெக்ஸ்ராத், 1989-ல் அமெரிக்காவின் இண்டியானாவில் ஆரம்பித்த 80/20 ஆகியவை இதில் தெரிந்த பெயர்கள். 20 மி.மீ. சதுரக் கம்பியை 2020 என்றும், 40 மி.மீ. சதுரத்தை 4040 என்றும் கடைக்காரர்கள் சொல்வார்கள்.

1. உடையுமா என்று கேட்காதீங்க, எவ்வளவு வளையும் என்று கேளுங்க

3டி பிரிண்டர் செய்த பழக்கத்தில் நான் 2020 வாங்கினேன். ஒரு மீட்டர் இடைவெளியில் ரெண்டு முனையையும் தாங்கி, நடுவில் 20 கிலோ வைத்தால் 2020 உடையாது. ஆனால் கிட்டத்தட்ட 8 மி.மீ. தொங்கும். அதே இடத்தில் லைட் ரக 4040 போட்டால் 0.65 மி.மீ.தான். எடை மூணு மடங்கு, விறைப்போ பதிமூணு மடங்கு. நீளத்தை இரட்டிப்பாக்கினால் வளைவு எட்டு மடங்கு ஆகும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.

கேமரா, சென்சார் மாதிரி நடுங்கக்கூடாத சாமான் என்றால் இன்னொரு கணக்கும் வேண்டும். எடையை மாட்டியதும் கை எத்தனை மி.மீ. தொங்குகிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுங்க. அந்தக் கை ஒரு வினாடிக்கு எத்தனை தடவை இயல்பாக ஆடும் என்பது தோராயமாகக் கிடைக்கும். என் கை 500 மி.மீ. நீளம். கேமராவும் லென்ஸும் ஒன்றரைக் கிலோ. தொங்கல் 1.25 மி.மீ. வகுத்தால் வினாடிக்கு 14 ஆட்டம். லேத்தின் 850 சுற்றை 60-ஆல் வகுத்துப் பாருங்க. அதுவும் 14! ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளின கதைதான்.

4040-க்கு மாறினால் அது 50 ஆகும். ஆனால் 50 என்பது நிமிடத்துக்கு 3000 சுற்று. நம்ம ஊர் 2,900 சுற்று மோட்டார்களுக்குப் பக்கத்தில் அதுவும் ஆபத்துதான். அதனால் கையையும் 350 மி.மீ.க்குக் குறைத்தேன். கணக்குப்படி 85-க்கு மேல் போனது. மூட்டுகள் கொஞ்சம் நெகிழும் என்பதால் நிஜத்தில் இதைவிடக் குறையும். கையில் தாராளமாக வைத்துக்கொள்வது நல்லது.

2. ஸ்லாட்டைப் பார்த்து வாங்குங்க

கம்பி ஒரு கடையில், நட்டு இன்னொரு கடையில் வாங்கினேன். ரெண்டுமே 40 சீரிஸ்தான். ஐம்பது நட்டும் வீண்.

காரணம் இது. ஐட்டம் வழியில் 20, 30, 40 மி.மீ. கம்பிகளுக்கு ஸ்லாட் முறையே 5, 6, 8. போஷ் வழியில் அதே கம்பிகளுக்கு 6, 8, 10. 80/20-யின் அங்குல வரிசையில் கம்பியே 25.4, 38.1 மி.மீ. சந்தையில் விற்கும் 4040 இதில் எந்த வழியும் ஆகலாம். வாய் அகலம் ஒத்துப்போனாலும் உள் ஆழமும் உதட்டின் தடிமனும் மாறலாம்.

எங்க பாஷையில் சொன்னால், கம்பி வெறும் நிரல், ஸ்லாட்தான் ஏபிஐ. நாளைக்கு வாங்கப்போகும் பிராக்கெட், கீல், சக்கரம் எல்லாம் அதோடுதான் பேசியாகணும். ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்க. பெரிய ஆர்டருக்கு முன்னால் ஒரு அடித் துண்டும் நாலு நட்டும் வாங்கிப் போட்டுப் பாருங்க.

3. மூட்டு உராய்வில் நிற்கிறது

பிராக்கெட் மூட்டு பிடித்திருப்பது போல்ட்டின் அழுத்தத்தால் வரும் உராய்வில். ஸ்லாட் ஓடும் திசையில் பாரம் வந்தால் அது மெதுவாக வழுக்கலாம். அதனால் குறுக்குக் கம்பியைத் தூணின் பக்கவாட்டில் மாட்டுவதைவிட, முடிந்த இடத்தில் தூணின் தலைமேல் உட்கார வையுங்க. பாரம் நேராகத் தூணுக்கு இறங்கும். முடியாவிட்டால் அடியில் ஒரு முட்டுக் கொடுங்க. மேலிருந்து போட்டுத் திருப்பும் நட்டு முழுசாகத் திரும்பியதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்க. பாதி திரும்பியதும் இறுகின மாதிரியேதான் இருக்கும்.

முனைகளைக் கை ரம்பத்தில் அறுக்காதீங்க. வெட்டு நேராக இல்லையென்றால் சட்டமே முறுக்கிக்கொள்ளும். கடையிலேயே வெட்டி வாங்குங்க. பூட்டியதும் ரெண்டு மூலைவிட்டத்தையும் அளங்க. சமமாக இருந்தால் சட்டம் சதுரம்.

4. எர்த்

இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீங்க. அலுமினியம் மின்சாரம் கடத்தும்தான், ஆனால் மேலே இருக்கும் அனோடைஸ் பூச்சு கடத்தாது. ஒரு தூணுக்கு எர்த் கொடுத்துவிட்டு மொத்தச் சட்டமும் எர்த் ஆகிவிட்டது என்று நம்பினேன். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் சில மூட்டில் தொடர்பு இருந்தது, சிலதில் இல்லை. மேலே 230 வோல்ட் விளக்கு சப்ளை! பூச்சைக் கீறிப் பிடிக்கும் பல் வாஷர் போட்டு, தேவையான இடத்தில் தனி ஒயர் இழுத்து, ஒவ்வொரு கம்பியையும் சோதித்த பிறகுதான் சுவிட்சைப் போட்டேன்.

எப்போது இது வேண்டாம்?

அலுமினியத்தின் விறைப்பு இரும்பில் மூணில் ஒரு பங்கு. எடையும் ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு. ஆக, எடைக்கு எடை பார்த்தால் ரெண்டும் ஒன்றுதான். ஒரு தடவை செய்து, ஒரே இடத்தில் பல வருஷம் நிற்கப்போகும் கனமான மெஷின் என்றால் இரும்பை வெல்ட் செய்வதே மலிவு. மாற்றம் வரும் என்று தெரிந்தால்தான் ப்ரொஃபைலுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு திரும்பி வரும்.

எங்களுக்கு வந்தது. பழைய சட்டத்தைப் பிரித்து 4040-ல் பூட்ட ஒரு மதியம்தான் ஆனது. கோடில் ஒரு வரிகூட மாற்றவில்லை. பக்கத்து லேத் ஓட ஓட ஷாஃப்டுகளை அளந்து, கெடுவுக்கு ஒரு நாள் முன்னாடியே நண்பர் சரக்கை அனுப்பிவிட்டார். அந்த 2020 துண்டுகள் இப்போது என் வீட்டில் செடித்தொட்டி ஸ்டாண்டாக இருக்கின்றன. அந்த வேலைக்கு அது தாராளம்.