ஒரு கால் மட்டும் வீங்குகிறதா? தோலைக் கிள்ளிப் பாருங்கள்

ஜார்ஜ்டவுன்: ஒரு காலில் மட்டும் வீக்கம். தூங்கி எழுந்தால் வடிகிறது. மாலையில் திரும்பி விடுகிறது. வேலைக் களைப்பு என்று தைலம் தேய்த்து நாள் கடத்துபவர்கள் பலர். அது தோலுக்கடியில் நிணநீர் தேங்குவதன் தொடக்கமாக இருக்கலாம்.

கால் பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடியில், மேல்புறத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். மடிந்து எழவில்லை என்றால் நிணநீர் வீக்கம் என்பதற்கு அது வலுவான அறிகுறி. தொடக்கத்தில் தோல் மடியும் என்பதால், மடிந்தாலும் மருத்துவரைப் பார்ப்பதே நல்லது.

புற்றுநோய் அறுவை சிகிச்சை, கதிர் சிகிச்சை, கொசு பரப்பும் யானைக்கால் புழு ஆகியவை இதற்குக் காரணமாகலாம். மலேசியாவில் காணப்படும் 'புருகியா மலாயி' புழுவின் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் இரத்தத்தில் தெரியும். கால் வீங்கிய பலருக்கு அப்போதும் தெரியாது. ஆனால், பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'புருகியா ரேபிட்' சோதனை, இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளைக் கண்டறிகிறது. அதற்குப் பகலிலும் இரத்தம் எடுக்கலாம்.

கவனிக்காமல் விட்டால் தோல் தடித்து இறுகிவிடும். காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்தால் கிருமித் தொற்றைத் தவிர்க்கலாம்.

திடீரென வலியோடு ஒரு கால் வீங்கினால் இரத்தக் கட்டியாக இருக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.