மனன அட்டைகளின் வெள்ளோட்டம்

ஆறு நாள் மறதியை வெல்ல உதவும் ஓர் இலவசக் கணனிச் செயலியும் அதிலே எமக்குள்ள கடமையும்

ஹரோவிலும் அதன் அயலிலும் வளரும் எமது பிள்ளைகளுள் பலருக்குத் தமிழ் வகுப்பு என்பது வாரத்தில் ஒரு நாள், அதுவும் சில மணித்தியாலங்கள் மட்டுமே. சனிக்கிழமை காலையில் ஆசிரியரின் வாயசைவைப் பார்த்து ழகர ளகர வேறுபாட்டைப் பழகிய பிள்ளை, மிகுதி ஆறு நாட்களும் ஆங்கிலத்திலே படித்து, ஆங்கிலத்திலே விளையாடி, அடுத்த சனிக்கிழமை பாதியை மறந்து வந்து நிற்கின்றது. வீட்டிலே கவனிப்பில்லை என்று ஆசிரியரும், பள்ளியிலே படிப்பிப்பது போதாது என்று பெற்றோரும் குறைப்பட்டுக் கொள்வது வழக்கமாகி விட்டது. இருசாரார் மீதும் பெரும் பிழை இல்லை. இடையில் நின்று கெடுப்பது மறதி.

அந்த மறதிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஜேர்மனிய அறிஞர் ஹேர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, தம் நினைவையே அளந்து, 1885ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஒரு நாள் கழித்து அதே அசைகளை மீளக் கற்றபோது, முதற் தடவை செலவிட்ட உழைப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே அவருக்கு மிச்சமாயிற்று. ஆறு நாட்கள் கழித்து அது நாலிலொரு பங்காகக் குறைந்தது. பொருளுள்ள சொற்கள் இத்துணை விரைவாக மறைவதில்லை. ஆயினும் மறதியின் பெரும்பங்கு முதல் நாளிலேயே நிகழ்ந்து விடுகின்றது என்ற உண்மை, சனிக்கிழமைப் பள்ளிகள் யாவும் கருத்திற் கொள்ள வேண்டியதொன்றாகும். சனியன்று கற்றதை ஞாயிறன்று ஐந்து நிமிடம் மீட்பது, வெள்ளி இரவு ஒரு மணித்தியாலம் வருந்திப் படிப்பதிலும் பயன் தரும்.

எமது முன்னோர் இதனை நூலெழுதி நிறுவவில்லை; நடைமுறையிற் கைக்கொண்டனர். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் நிகண்டும் நாள்தோறும் ஒப்புவிக்கப்பட்டன. ஆறுமுக நாவலர் 1849இல் அச்சேற்றிய நூல்களுள் சூடாமணி நிகண்டும் ஒன்று. சொற்களைச் செய்யுளாக்கி மனத்திலே பதிய வைக்கும் கருவி அது. அந்த வழக்கத்தை இந்நாட்டு வாழ்க்கைக்கு ஏற்ப எவ்வாறு மீட்பது என்பதே கேள்வி.

பெட்டியிலிருந்து கணனிக்கு

செபஸ்தியான் லைட்னர் என்ற எழுத்தாளர் 1972இல் ஜேர்மன் மொழியில் வெளியிட்ட நூலொன்றில் எளிய வழி ஒன்றைக் கூறினார். ஒரு பெட்டியை ஐந்து அறைகளாகப் பிரிக்க வேண்டும். ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் எழுதிய சிறு அட்டைகளை முதலறையில் இட வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குச் செல்லும். பிழைத்த அட்டை முதலறைக்கே திரும்பும். முதலறையை அடிக்கடியும், பின்னறைகளை நீண்ட இடைவெளி விட்டும் பார்த்தால், தெரிந்ததில் நேரம் வீணாகாது. தெரியாதது தப்பிப் போகாது. கணனி இல்லாத வீட்டிலும் வெறும் சப்பாத்துப் பெட்டியைக் கொண்டு இதனை இன்றே தொடங்கலாம்.

போலந்து நாட்டவரான பியோத்தர் வொஸ்னியாக், மாணவராயிருந்த காலத்தில் ஆங்கிலச் சொற்களை மறவாதிருக்க முயன்று, ஒவ்வோர் அட்டையையும் எப்போது மீண்டும் காண வேண்டுமெனக் கணக்கிடும் நிரல் ஒன்றை 1987இல் எழுதினார். அந்தக் கணக்கை அடியொற்றி, யப்பானிய மொழி கற்றுக்கொண்டிருந்த அவுஸ்திரேலியரான டேமியன் எல்ம்ஸ் 2006இல் வெளியிட்ட செயலியே 'அங்கி'. அங்கி என்றதும் எமக்கு மேலாடை நினைவுக்கு வரும். இதுவோ மனனம் எனப் பொருள்படும் யப்பானியச் சொல்.

அட்டையைப் பார்த்து விடையை மனத்திலே சொல்லிய பின், மறந்தேன், கடினம், நன்று, எளிது என்ற நான்கு பொத்தான்களுள் ஒன்றைப் பிள்ளை அழுத்தும். அதற்கேற்ப அவ்வட்டை சில நிமிடங்களிலோ, நாட்களிலோ, மாதங்களின் பின்னரோ திரும்ப வரும். எழுத்து மட்டுமன்றிப் படமும் குரலும் அட்டையிற் சேர்க்கலாம். கணனிப் பதிப்பும் அண்ட்ரொய்ட் கைத்தொலைபேசிக்கான பதிப்பும் இலவசம். ஐபோன் பதிப்புக்கு மட்டும் விலையுண்டு. ஒத்த பெயருடன் மாதக் கட்டணம் அறவிடும் வேறு செயலிகளும் உலாவுவதால், பெற்றோர் பார்த்து இறக்கிக் கொள்ளுதல் நன்று.

வெள்ளோட்டம் எதற்கு?

புதுத் தேர் செய்தால் திருவிழாவிற்கு முன் வெள்ளோட்டம் விடுவது எமது ஊர் வழக்கம். அச்சு முறுகுகின்றதா, சில்லு சேற்றிற் புதைகின்றதா, மூலையிலே திரும்புகின்றதா என்பதெல்லாம் வடம் பிடித்து இழுத்தால்தான் தெரியும். கணனிச் செயலிக்கும் இது பொருந்தும். புதிய பதிப்பு முழுமையாக வெளிவருமுன், விரும்பியவர்கள் பயன்படுத்திப் பார்த்துக் குறை கூறுவதற்காகச் 'சோதனை வெளியீடு' விடப்படுகின்றது.

அங்கி திறந்த மூலநிரலைக் கொண்டது. அதாவது, அது எவ்வாறு எழுதப்பட்டுள்ளதென எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம். வடம் பிடிக்க எவருக்கும் உரிமை உண்டு. சீனாவைச் சேர்ந்த ஆய்வாளர் யாரட் யே முன்னின்று உருவாக்கிய எவ்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதிய கணக்கு முறை இவ்வாறே வந்தது. முதலில் தனியாகச் சேர்க்கப்படும் துணையாக இருந்து, பயனாளரின் சோதனைகளைக் கடந்து, 2023இல் 23.10 என்னும் பதிப்பில் செயலியின் அங்கமாயிற்று. ஒவ்வொருவரின் மறதி வேகத்தையும் அவரவர் விடைகளிலிருந்தே கணித்து மீட்டல் நாளைக் குறிப்பது அதன் சிறப்பு.

தமிழர் கண் வேண்டிய இடங்கள்

இந்த வெள்ளோட்டத்தில் எமக்கென்ன வேலை என்று சிலர் வினவலாம். ஆங்கிலம் மட்டும் அறிந்த நிரலாளர் ஒருவருக்குத் தமிழ் எழுத்துக் கெட்டால் கெட்டதாகவே தெரியாது. 'கொடி' என்ற சொல்லில் கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் சரியாக நிற்கின்றனவா? 'ஸ்ரீ' உடைந்து காட்சியளிக்கின்றதா? ஒருவர் ஒரு விசைப்பலகையில் எழுதிய சொல்லை, வேறு முறையில் தட்டெழுதித் தேடினால் கிடைக்கின்றதா? பிள்ளை சரியாக எழுதிய விடையைச் செயலி பிழையென்று சிவப்பிற் காட்டுகின்றதா? இவற்றைக் காணத் தமிழ் படித்த கண் வேண்டும். நாம் சொல்லாவிட்டால் பிழை பிழையாகவே வெளிவரும். பின்னர் 'கணனிக்குத் தமிழ் சரிவராது' என்று எமது பிள்ளைகளே சொல்வர்.

குறை கூறுவதற்கும் முறையுண்டு. பதிப்பின் இலக்கம், பயன்படுத்திய கருவி, செய்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என ஐந்தையும் சுருக்கமாக எழுதி, திரையின் படத்தையும் இணைத்து அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் பெற்றோருக்குப் பிள்ளை உதவலாம். எந்த எழுத்துப் பிழை என்பதைப் பிள்ளைக்குப் பெற்றோர் காட்டலாம்.

ஒரே பிரதி ஆபத்து

வெள்ளோட்டத் தேரில் மூலவிக்கிரகத்தை ஏற்றுவாரில்லை. அதுபோல, நாளாந்தம் பயன்படுத்தும் அட்டைத் தொகுப்பைச் சோதனைப் பதிப்பில் நேரே ஏற்றலாகாது. முதலில் தொகுப்பு முழுவதையும் படங்கள் குரல்களுடன் பிரதியெடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். பின்னர் வேறொரு கணனியிலோ, தனிக் கணக்கிலோ, சில அட்டைகளை மட்டும் கொண்டு சோதிக்க வேண்டும். சோதனை முடியும் வரை கைத்தொலைபேசியுடன் ஒத்திசைத்தலைத் தவிர்ப்பது பாதுகாப்பானது. புதிய பதிப்பு மாற்றியமைத்த தொகுப்பைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கவும் கூடும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் மீளா வண்ணம் அழிந்தன. அந்த இழப்பை அறிந்த எமக்கு, ஒரே பிரதியை நம்பியிருப்பதன் ஆபத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. அட்டையிலே பதிந்த அம்மம்மாவின் குரலும் அத்தகைய ஏடுதான்.

எவ்வகை அட்டைகள்?

ஆயத்தமாகக் கிடைக்கும் தமிழ்த் தொகுப்புகளை எடுப்பதிற் குற்றமில்லை. ஆயினும் அவற்றில் நாற்காலி இருக்கும், கதிரை இராது. சாவி இருக்கும், திறப்பு இராது. பிள்ளை இரண்டையும் அறிதல் வேண்டும். சுளகு, கடகம், திருவலை, நீத்துப்பெட்டி போன்றவற்றுக்குப் படமும் வீட்டுப் பெரியவரின் குரலும் சேர்த்து வீட்டிலேயே அட்டை செய்தால், அட்டை செய்யும் வேளையே ஒரு பாடமாகிவிடும். மொழிபெயர்ப்பு மட்டும் எழுதாமல், சொல் பயிலும் சிறு வாக்கியம் ஒன்றையும் எழுதுதல் நலம். சொல்லை நினைவிலிருத்தச் செயலி உதவும். பேசப் பழக்குவது வீட்டாரின் வேலை.

பெற்றோருக்கும் இதனாற் பயனுண்டு. பிரித்தானியக் குடியுரிமை கோரும் 18 முதல் 64 வயது வரையானோர் பொதுவாக எழுத வேண்டிய 'ஐக்கிய இராச்சிய வாழ்க்கை' தேர்வில், 45 நிமிடங்களில் 24 வினாக்கள் கேட்கப்படும். 18க்கு விடை சரியாயிருந்தாற் சித்தி. மன்னர்களின் பெயர்களும் ஆண்டுகளும் நிறைந்த அந்தக் கைந்நூலை, இரவு வேலை முடித்து வருபவர் ஒரே மூச்சிற் படித்து நினைவிலிருத்தல் அரிது. நாளொன்றுக்குப் பத்து அட்டைகளாகப் பேருந்திலிருந்தே படிக்கலாம்.

தமிழ்ப் பள்ளிகளின் நிருவாகிகளிடம் ஒரு வேண்டுகோள். உயர்வகுப்பு மாணவர் இருவர் மூவரையும், தமிழறிந்த பெரியவர் ஒருவரையும் சேர்த்து, அடுத்த சோதனை வெளியீடு வரும்போது பள்ளியின் சார்பிற் சோதித்துப் பார்க்கச் செய்யுங்கள். கண்ட பிழைகளை எழுதி அனுப்புங்கள். பெற்றோரே, அதுவரை காத்திராது, வரும் ஞாயிறு மாலை பிள்ளையுடன் அமர்ந்து, சனியன்று படித்த பத்துச் சொற்களைப் பத்து அட்டைகளில் எழுதுங்கள். அவற்றுள் எத்தனை அடுத்த சனிவரை நிற்கின்றன என்பதைப் பிள்ளையே எண்ணிச் சொல்லட்டும்.