நெடும்பகல் நாளில் நிழல் அளப்போம்

ஆண்டிலேயே மிக நீண்ட பகலைக் கொண்ட நாள் ஜூன் 21. சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின்னாக அமையும். வடக்கு நோக்கிச் சென்ற கதிரவன் தெற்கே திரும்பும் நாள் அது. ஸ்வீடன் நாட்டினர் அந்நாளையொட்டி, இலையும் பூவும் சுற்றிய கம்பத்தை நட்டு, பிள்ளைகளின் தலையில் மலர் வளையம் சூட்டி மகிழ்கின்றனர். ஸ்டாக்ஹோம் நகரில் அன்றைய பகல் பதினெட்டரை மணி நேரம். நீண்ட குளிர்கால இருளுக்குப் பின் வந்த வெளிச்சத்தை அவர்கள் கொண்டாடுவதில் வியப்பில்லை.

நமக்குப் பெருநாட்கள் இரண்டே. மூன்றாவதாக ஒன்றை உண்டாக்கும்படி உங்களை அழைக்கவில்லை. ஆனால், அந்நாளில் தெருப் பிள்ளைகள் பத்துப் பேரை உங்கள் வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ கூட்டி, வானத்தைப் படிக்கச் செய்யலாம் அல்லவா?

அதற்குத் தேவை இருக்கிறது. அஸருடைய வக்து எப்போது தொடங்கும் என்று மத்ரஸாவில் கேட்டால், பிள்ளைகள் தடையின்றி ஒப்பிக்கின்றனர். வெயிலில் நிறுத்தி, "காட்டுங்கள்" என்றால் சுவரில் தொங்கும் அட்டவணையைத் தேடுகின்றனர். நிழலைக் கொண்டு வகுக்கப்பட்ட சட்டத்தை நிழலைப் பாராமலே கற்கின்றனர்!

ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கம்பு ஒன்றைச் சமதளத்தில் நடுங்கள். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, கம்பு செங்குத்தாக நிற்கிறதா எனச் சரிபாருங்கள். பகல் பதினொன்றே முக்கால் மணி முதல் ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை நிழலின் நுனியில் பிள்ளைகள் சுண்ணாம்புப் புள்ளி இடட்டும். மிகக் குறுகிய நிழல் விழும் நேரமே உச்சி. சென்னையில் அது 12 மணி 10 நிமிட அளவிலும், கோவையில் 12 மணி 25 நிமிட அளவிலும் வரும். அதன்பின் நிழல் சாயத் தொடங்குவதே லுஹருடைய வக்து.

இப்போது நிழல் எத்திசையில் விழுகிறது என்று கேளுங்கள். தெற்கே! அன்று நண்பகலில் கதிரவன் நம் தலைக்கு வடக்கே நிற்பதால் இந்த விந்தை. சென்னையில் அந்நிழல் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர், மதுரையில் 24. அதனுடன் கம்பின் நீளத்தைக் கூட்டுங்கள். சென்னைப் பிள்ளைகளுக்கு 118 சென்டிமீட்டரில் ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் தொடங்கும். ஹனஃபி மத்ஹபின்படி 218. இரு கோடுகளையும் முன்னரே வரைந்து வைத்துவிட்டால், நிழல் வந்து தொடும் நேரத்திற்காகப் பிள்ளைகள் ஆவலோடு காத்திருப்பார்கள்.

காத்திருக்கும் வேளையில் நிழலில் அமர்த்தி நுங்கும் மாம்பழமும் நன்னாரி சர்பத்தும் கொடுங்கள். சமர்கந்தில் உலூக் பேக் என்னும் முஸ்லிம் மன்னர் 1420-களில் எழுப்பிய வானாய்வுக் கூடத்தைப் பற்றிச் சொல்லுங்கள். ஏறத்தாழ 40 மீட்டர் ஆரமுள்ள பெரும் வளைவைக் கொண்டு அங்கே கதிரவனின் உயரத்தை அளந்தனர். அவர்கள் செய்த வேலையின் சிறு வடிவமே நம் கம்பு எனப் பிள்ளைகள் உணரட்டும்.

மாலையில் செடிகளைப் பாருங்கள். அஸரையொட்டி அந்திமந்தாரை மலரும். மஃரிபை நெருங்க, புளியும் தூங்குமூஞ்சி மரமும் இலைகளை மூடும். கடிகாரம் இல்லாத அவையும் வேளை தவறுவதில்லை.

ஓர் எச்சரிக்கை: கதிரவனை நேராக நோக்க எந்தப் பிள்ளையையும் விடாதீர்கள். உச்சி வெயிலில் தலையில் துணி இருக்கட்டும், தண்ணீர் அருகிலிருக்கட்டும். மேகம் மறைத்தால் வருந்த வேண்டாம். முன்பின் மூன்று நாட்களிலும் நிழலின் அளவு ஏறக்குறைய அதுவே.

மறுபடி டிசம்பர் 22 அன்று அதே கம்பை அதே இடத்தில் நடச் சொல்லுங்கள். உச்சி நிழல் வடக்கே நீண்டு கிடக்கும். ஏன் என்று பிள்ளை கேட்குமானால், அந்தக் கேள்வியே உங்கள் விருந்துக்குக் கிடைத்த பரிசு.