தவலையை விற்கும் வீடும், தவலையை வாங்கும் கடையும்

"பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!"

தெருவிலே இந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஓட்டை வாளியைக் கொடுத்தோம், உடைந்த கரண்டியைக் கொடுத்தோம், கை நிறையப் பழம் வாங்கினோம், வாய் இனிக்கத் தின்றோம். அந்த வண்டிக்காரர் தூக்கிய தராசிலே ஒரு பொருளாதாரப் பாடமே தொங்கிக் கொண்டிருந்தது. நாம் பழத்தைப் பார்த்தோம், பாடத்தைப் பார்க்கவில்லை! பழையது என்றால் எடை. புதியது என்றால் விலை. அதுதான் அந்தத் தராசு சொன்ன சேதி.

ஆனால் உலகிலே இன்னொரு தராசும் இருக்கிறது. பழையது என்பதற்காகவே கூடுதல் விலை தரும் தராசு அது. அந்தத் தராசைக் கையில் பிடித்து வயிறு வளர்க்கும் சிறு வணிகர்கள் இருக்கிறார்கள். பழம்பொருள் கடைக்காரர்கள் என்று அவர்களுக்குப் பெயர். பணமுடை நாட்டைப் பிடித்தாட்டும் நாளிலே அவர்கள் கதி என்ன? அதைக் காண்போம் என்று காரைக்குடிக்குச் சென்றோம். முனீஸ்வரன் கோவில் தெருவிலே நடந்தோம்.

நடந்தோம் என்பதைவிட, ஒரு காலத்தின் மிச்சங்களுக்கிடையே நுழைந்து சென்றோம் என்பதே பொருத்தம். பர்மாத் தேக்கிலே இழைத்த தூண்கள் சுவரிலே சாய்ந்து நிற்கின்றன, தாங்குவதற்குக் கூரையின்றி. நிலைக்கதவுகள் நிற்கின்றன, திறப்பதற்கு வீடின்றி. பெல்ஜியம் கண்ணாடியிலே இரசம் போயிருக்கிறது. அடுக்கடுக்காய் மங்குச் சாமான்கள். அஞ்சறைப் பெட்டி, பல்லாங்குழி, முறுக்கு உரல், கல்லாப்பெட்டி, குத்துவிளக்கு, பாக்குவெட்டி — யார் யார் வீட்டுக் கூடத்திலோ, யார் யார் கை பட்டுத் தேய்ந்தவையெல்லாம், இன்று தெருவோரத்திலே விலைச் சீட்டும் இன்றி வீற்றிருக்கின்றன.

ஒரு கடையின் திண்ணையிலே உட்கார்ந்தோம். கடை சிறியது, கடைக்காரரின் கவலையோ பெரியது. நாம் பேசிக் கொண்டிருக்கும்போதே ஓர் அம்மை வந்தார். இடுப்பிலே பித்தளைத் தவலை. கணவருக்கு ஆலையிலே வேலை நின்று மூன்று திங்களாயிற்றாம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டவேண்டுமாம்.

"எங்க ஆத்தா எனக்குச் சீரா கொடுத்தது அண்ணே. பாத்துப் போட்டுக் கொடுங்க."

கடைக்காரர் தவலையைத் திருப்பினார். கழுத்திலே பெயர் வெட்டியிருந்தது. ஊரும் ஆண்டும் வெட்டியிருந்தன. தமிழ் நாட்டிலே பாத்திரத்திலே பெயர் வெட்டாமல் சீர் கொடுப்பவர் உண்டோ? எடை போட்டார். எடைக்குரிய விலைக்கு மேலே சிறிது சேர்த்தே கொடுத்தார். அந்த அம்மை பணத்தை எண்ணவில்லை. பெயரைத்தான் ஒருமுறை தடவிப் பார்த்தார். போய்விட்டார்.

"பாத்தீங்களா ஐயா? விக்கிறதுக்கு இந்த மாதிரி தெனம் நாலு பேரு வாராக. வாங்குறதுக்குத்தான் ஆளக் காணோம்" என்றார் கடைக்காரர்.

அந்த ஒரு வாக்கியத்திலே இத்தொழிலின் முழு வரலாறும் அடங்கிக் கிடக்கிறது! மற்றக் கடைகளிலே பஞ்ச காலத்தில் சரக்கு குறையும். இந்தக் கடையிலே பஞ்ச காலத்தில்தான் சரக்கு குவியும். ஏன்? இவர்களுக்குச் சரக்கு அனுப்பும் ஆலை, அடுத்தவர் வீட்டுத் துன்பம். பாகப்பிரிவினை, கடன், வேலையிழப்பு, மருத்துவச் செலவு — இவையே அந்த ஆலையின் எந்திரங்கள். காலம் கெடக்கெட எந்திரம் வேகமாகச் சுழலும். அதே நேரத்திலே வாங்குவோன் கைகள் மூடிக்கொள்ளும். அரிசி வாங்குவதை எவரும் நிறுத்த முடியாது. ஆளுயரக் கண்ணாடி வாங்குவதை எவரும் நிறுத்தலாம்!

இந்தத் தெருவுக்குப் பொருள்கள் வந்த வழியையே எண்ணிப் பாருங்கள். செட்டிநாட்டு மாளிகைகள் கடல் கடந்த வாணிபத்தால் எழுந்தவை. பர்மா, மலாயா, இலங்கை என்று வட்டிக்கடை விரித்த நகரத்தார், தேக்கையும் பளிங்கையும் கண்ணாடியையும் கப்பலேற்றிக் கொணர்ந்தனர். 1930-ஆம் ஆண்டையொட்டி உலகப் பெருமந்தம் வந்தது. நெல் விலை சரிந்தது. பர்மிய உழவன் கடனைக் கட்ட முடியாமல் நிலத்தை விட்டான். கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களிலே, 1930-ல் சாகுபடி நிலத்தில் 6 விழுக்காடு செட்டியார்களிடம் இருந்தது; 1938-ல் அது 25 விழுக்காடு ஆயிற்று. வாளெடுத்துப் பிடித்ததல்ல, வட்டிக் கணக்கிலே வந்து சேர்ந்தது. கேட்டது பணம்; கிடைத்தது நிலம்!

நிலைத்ததா? 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவிலே புகுந்தது; உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடி வந்தனர். 1948-ல் பர்மா விடுதலை பெற்றது. நிலம் உழுபவனுக்கு என்று சட்டம் வந்தது. 1962-ல் இராணுவ ஆட்சி வந்தது, எஞ்சியதும் போயிற்று. கடல் கடந்த வருவாய் வற்றியது. இங்கே காரை பெயர்ந்தது. ஆயிரம் சன்னல் மாளிகையென்றாலும் ஆண்டுதோறும் சுண்ணாம்பு கேட்குமல்லவா? பங்காளிகள் பலராயினர், பராமரிக்கப் பணமில்லை, மாளிகைகள் பல இடிபட்டன. தூண் வேறு, தளம் வேறு, துலாக்கட்டை வேறு என்று பிரித்து விற்கப்பட்டன.

ஒரு வகுப்பாரைப் பழித்துரைக்க இதை நாம் சொல்லவில்லை. ஒரு நெருக்கடியிலே பர்மிய உழவனின் நிலம் கைமாறியது. இன்னொரு நெருக்கடியிலே செட்டிநாட்டு மாளிகையின் கதவு கைமாறியது. இன்றைய நெருக்கடியிலே ஆலைத் தொழிலாளியின் தவலை கைமாறுகிறது. மந்தம் என்பது எல்லாரையும் ஒருசேர அழிப்பதன்று, தோழர்களே! ரொக்கம் இல்லாதவனிடமிருந்து ரொக்கம் உள்ளவனிடம் பொருளை நகர்த்தும் பெருங்காற்று அது.

சிறிய பழம்பொருள் கடைக்காரர் இதிலே எந்தப் பக்கம்? வாங்குகிறவர் ஆயிற்றே, அவருக்கு ஆதாயம்தானே என்பீர். அங்கேதான் நாம் ஏமாறுகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, 1,000 ரூபாய் கொடுத்து ஒரு விளக்கை அவர் வாங்குகிறார். சொந்தப் பணமன்று, மூன்று வட்டிக்கு வாங்கிய பணம். அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். விளக்கு ஓராண்டு விற்காமல் நின்றால், 1,000 ரூபாய் விளக்கு 1,360 ரூபாய் விளக்காகிவிடுகிறது. கடை வாடகை தனி. தண்டல்காரரிடம் வாங்கினாலோ, 10,000 என்று எழுதிக்கொண்டு 9,000 கையிலே கொடுப்பார். நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பார். கத்தரிக்காய் வியாபாரிக்குக் காலையில் வாங்கிய சரக்கு மாலைக்குள் காசாகிவிடும். தேக்குத் தூண் அப்படியா காசாகும்? நாள்தோறும் கையேந்தும் கடன். ஆண்டுக் கணக்கில் காத்திருக்கும் சரக்கு. இரண்டையும் ஒரே நுகத்தடியிலே பூட்டினால் வண்டி ஓடுமா?

ஓடாது. ஆகவே என்ன நடக்கிறது? தண்டலுக்கு நேரமாகும்போது பெருநகரத்துப் பெரிய வணிகர் வருகிறார். ரொக்கத்தை வீசுகிறார். சொன்ன விலைக்குப் பாதி கேட்கிறார். கொடுத்தாக வேண்டியிருக்கிறது. அவருக்கு விசாலமான கிடங்கு இருக்கிறது, அவர் காத்திருப்பார். நல்ல காலம் திரும்பும்போது அதே தூண் பெரிய விடுதியின் முகப்பிலே போய் நிற்கும். பொறுமையும் ஒரு முதல்தான். அது பணக்காரனிடம் மட்டுமே இருக்கிறது!

இன்னொரு பகைவனும் இருக்கிறான். உலைக்களம் என்பது அவன் பெயர். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. செம்பின் விலையை இலண்டன் சந்தை முடிவு செய்கிறது. 2024 மே திங்களிலே அது டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. செம்பு விலை ஏறினால், பழமைக்குக் கிடைக்கும் விலைக்கும் எடைக்குக் கிடைக்கும் விலைக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது. வேலைப்பாடுள்ள விளக்கு தப்பும். பெயர் வெட்டிய எளிய தவலை தப்பாது. ஏழை வீட்டுப் பொருளே முதலில் உருகுகிறது. எனவே ஏழை வீட்டு வரலாறே முதலில் அழிகிறது!

அடுத்தடுத்து விழுந்த அடிகளையும் நினைவிற் கொள்க. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென்றனர். கையிலே காசு, கடையிலே பொருள் என்று நடந்த தொழில் இது, மூச்சுத் திணறிற்று. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. சுற்றுலாப் பயணி இல்லை, விடுதி கட்டுவோர் இல்லை, படப்பிடிப்புக்கு வாடகைக்கு எடுப்போர் இல்லை. சென்னையிலே இதற்கு முன்பே ஒரு பாடம் கண்டோம். மூர் மார்க்கெட் 1985 மே திங்களிலே தீக்கிரையாயிற்று. பழைய புத்தகமும் பழைய கிராமபோனும் விற்ற சிறு கடைகளின் சரக்கு ஓரிரவிலே சாம்பலாயிற்று. பழைய பொருளுக்கு மறு உற்பத்தி ஏது? எரிந்தது எரிந்ததுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டம் 1976-ல் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டு நிறைந்த கைவினைப் பொருள், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருள் — இவையெல்லாம் தொல்பொருள் என்ற வரம்புக்குள் வரலாம். அதை விற்க உரிமம் வேண்டும். தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. அனுப்பினால் ஆறு திங்கள் முதல் மூன்றாண்டு வரை சிறை. தேவையான சட்டம்தான்; நாம் மறுக்கவில்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோவில் நடராசர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், 2014-ல் திரும்பி வந்ததும் நாடறியும். வேறொரு சிலைக் கடத்தல் வழக்கிலே நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூருக்கு 2022-ல் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்ததும் நாடறியும்.

கோவில் சிலையைக் கடத்தியவன் வேறு; தோசைக்கல்லும் தவலையும் விற்பவன் வேறு. ஆனால் காலண்டர் ஒன்று இருக்கிறதே, அது இரக்கமின்றி ஓடுகிறது! 1926-ல் செய்த நாற்காலிக்கு 2026-ல் நூறு வயது. நேற்றுவரை பழைய சாமான். இன்று தொல்பொருளோ என்ற ஐயம். சிறு கடைக்காரருக்கு இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்வார் யார்? வரியிலும் அப்படியே. நூறாண்டு கடந்த பொருளுக்கான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதோடு, பதிவு பெற்ற பழம்பொருள் வணிகர், உள்ளீட்டு வரிச் சலுகை எடுக்காவிட்டால், முழு விலைக்குமன்று, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு மட்டும் வரி செலுத்தலாம் என்று விதியே இருக்கிறது. 1,000-க்கு வாங்கி 1,300-க்கு விற்றால் 300-க்குத்தான் வரி. இதை நாம் சொன்னபோது, "அப்படியா ஐயா?" என்று வியந்தார் அந்தக் கடைக்காரர். சலுகை ஏட்டிலே இருக்கிறது; ஏழையின் காதிலே விழவில்லை!

அப்படியானால் இத்தொழிலுக்கு எதிர்காலம் இல்லையா? உண்டு என்கிறோம் நாம். ஆனால் பழைய பாதையிலே இல்லை. அலங்காரத்துக்கு வாங்குவோரை மட்டும் நம்பினால் அழிவுதான். நாகரிகம் மாறும். இங்கிலாந்திலே ஒரு காலத்தில் போட்டியிட்டு வாங்கிய பழுப்பு மர அலமாரிகள் இந்த நூற்றாண்டிலே விலை சரிந்து கிடக்கின்றனவே! பயன்படுத்த வாங்குவோரைத் தேட வேண்டும். புதுத் தேக்கு எட்டாத விலை. பழந்தேக்குக் கட்டில் பதமான மரம், பேரன் காலம்வரை நிற்கும். இரும்புத் தோசைக்கல்லையும் ஈயம் பூசிய பித்தளைப் பானையையும் மீண்டும் தேடும் இளையோர் வருகின்றனர். எனவே சிறியதாய், பயன்படுவதாய், பழுது நீக்கியதாய் வாங்கி வைத்தோர் தாக்குப் பிடிப்பர். பெரிய தூணிலே முழு முதலையும் முடக்கியோர் முறிவர். கடைக்காரர் பிழைத்தால் அவரோடு பிழைப்போர் பலர்: மெருகேற்றும் தச்சர், ஈயம் பூசுபவர், சுமை தூக்குபவர், தட்டுவண்டி ஓட்டுபவர்.

அரசுகளை நாம் கேட்பது பிச்சையன்று. தங்கத்தை அடகு பிடிக்கும் வங்கி, தொழில் முதலுக்கும் கடன் தரட்டும். 2015-ல் வந்த முத்ரா திட்டமும், 2020-ல் தெருவோர வணிகர்க்கு முதற்கடன் 10,000 என்று வந்த திட்டமும் இக்கடைகளின் வாசலுக்கு வரட்டும். தவணையும் சரக்கு விற்கும் காலத்துக்கு ஏற்றதாயிருக்கட்டும். எது தொல்பொருள், எது பழைய சாமான் என்று விளக்கும் எளிய தமிழ்க் கையேடு ஒன்று தரட்டும். கடைக்காரர்களுக்கும் ஒரு சொல்: தனித்தனியே தண்டல்காரரிடம் தலைகுனிவதைவிட, பத்துக் கடைகள் கூடிக் கூட்டுறவாகுங்கள். யாரிடம், என்று, என்ன வாங்கினோம் என்பதை ஏட்டிலே எழுதுங்கள். கோவில் பொருள் என்ற வாடை அடித்தால் கை வைக்காதீர்கள்.

மாலையிலே அந்தத் தெரு வழியே மீண்டும் வந்தோம். தண்டல்காரர் வந்து போய்விட்டார். கடை வாசலிலே உலைக்குச் செல்லும் வண்டி நின்றது. அதன் மேலே அந்தத் தவலை. பெயர் வெட்டிய கழுத்து வெளியே தெரிந்தது. கடைக்காரர் நம்மைப் பார்த்தார். தலையைக் குனிந்து கொண்டார்.

அவரை நாம் குறை சொல்லவில்லை. காலையிலே எடைக்கு மேலே கொடுத்தவர் அவர். மாலையிலே எடைக்கே விற்றவரும் அவர். நடுவிலே அவரிடமிருந்து பறிக்கப்பட்டது காத்திருக்கும் உரிமை. அந்த உரிமையை அந்த அம்மைக்கும் இந்தக் கடைக்காரருக்கும் ஒருசேரப் பெற்றுத் தரும் நாளே, நெருக்கடியை நாம் வென்ற நாள். அதுவரை, தோழர்களே, வீட்டிலே பெயர் வெட்டிய பாத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது உங்களிடம் இருப்பதற்கு யார் யார் உழைத்தார்கள் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.